மிஷினா, சென்சாரா, வாட்ச்சா, பட்டனா? அம்மாவின் வீட்டுக்கு நாங்கள் எதை எடுத்தோம்

அப்பா போன பிறகு தனியாகவே இருந்துகொள்கிறேன் என்று சொன்னது அம்மாதான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், வெஸ்ட்கிளிஃப் பக்கம் வீடு. நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்த இடம். பின்னால் கறிவேப்பிலை மரம், சுவருக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, நடந்து போனால் கோவில். அம்மாவுக்கு வயது 79. பிரஷரும் சுகரும் இருபது வருடமாக உண்டு. நான் டர்பனுக்கு வடக்கே உள்ள ஃபீனிக்ஸில் இருக்கிறேன். சாலை காலியாக இருந்தாலும் காரில் வந்துசேர அரை மணிக்கு மேல் ஆகும். அண்ணன் ஜோகன்னஸ்பர்க்கில், தங்கை ஆஸ்திரேலியாவில் பெர்த்தில்.

போன வருடம் துணி காயப்போடப் போன அம்மா பின்படியில் தடுமாறி விழுந்துவிட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியாமல், ஆன்ட்டி வெளியே வரும்வரை முக்கால் மணி நேரம் அங்கேயே கிடந்திருக்கிறார். போன் சமையலறையில் இருந்தது. அன்று இரவு எங்கள் வாட்ஸப் குழுவில் மூன்று பேரும் மூன்று முடிவோடு வந்தோம். விழுந்தால் தானே கண்டுபிடிக்கும் வாட்ச் வாங்கலாம் என்றார் அண்ணன். கையில் ஒட்டும் சுகர் சென்சாரும், ஹாலில் ஒரு கேமராவும் வேண்டும் என்றாள் தங்கை. நல்ல பிரஷர் மிஷின் ஒன்றே போதும் என்று எனக்குப் பட்டது. அம்மாவை யாரும் கேட்கவில்லை. அதை இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டப்படுகிறது.

அப்புறம் ஏறக்குறைய எட்டு மாதம் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். எங்களைப் போல அம்மாவோ அப்பாவோ தனியாக இருக்க, பிள்ளைகள் ஊருக்கு ஒருவராகப் பிரிந்திருக்கும் வீடுகள் இந்த ஊரில் நிறைய. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கருவி என்ன அளக்கிறது என்று பார்த்துத்தான் நாங்களும் ஆரம்பித்தோம். போகப் போக வேறொரு கேள்விதான் எல்லாவற்றையும் முடிவு செய்தது: அது காட்டுகிற எண் கெட்டுப்போனால், யார், எவ்வளவு நேரத்தில், என்ன செய்யப்போகிறார்?

முதலில் பிரஷர் மிஷின். மேல்கையில் பட்டை சுற்றும் வகையா, மணிக்கட்டில் கட்டும் வகையா என்பதுதான் கடையில் வரும் முதல் குழப்பம். மேல்கை வகையே நல்லது. மணிக்கட்டு வகையில் கையை நெஞ்சுக்கு நேரே பிடித்திருக்க வேண்டும். கொஞ்சம் இறங்கினாலோ ஏறினாலோ எண் மாறிவிடும், நடுங்குகிற கைக்கு அது சரிப்படாது. பட்டையே இல்லாமல் பிரஷர் சொல்லும் வாட்ச்களும் வந்திருக்கின்றன. 2023-ல் வந்த ஐரோப்பிய உயர் இரத்த அழுத்தச் சங்கத்தின் வழிகாட்டுதல், அவற்றை நம்பி நோயை முடிவு செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது. எந்த மாடல் முறையாகச் சோதிக்கப்பட்டது என்று பார்க்க 'ஸ்ட்ரைட் பிபி' என்ற இணையப் பட்டியல் இருக்கிறது. கடைக்குப் போகும் முன் மாடல் எண்ணை அதில் தேடிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலைதான்.

மாடலை விட முக்கியம் பட்டையின் அளவு. மிஷினோடு வரும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22-லிருந்து 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்குத்தான் பொருந்தும். பெரிய கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் எண் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி மாத்திரையைக் கூட்டிக்கொண்டவர்களும் இருப்பார்கள். தையல் டேப்பை எடுத்து அளந்துவிட்டு வாங்குங்கள்.

அளக்கிற முறையையும் அம்மா ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார். பாத்ரூம் போய்விட்டு வந்து, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் பதித்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பேசாமல் இருப்பதுதான் அம்மாவுக்குக் கஷ்டம். காலையில் மாத்திரைக்கு முன்பு இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, நடுவில் ஒரு நிமிட இடைவெளி. ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி பார்க்க வேண்டும். கிளினிக்கில் 140-க்கு 90 என்பதை எல்லையாக வைக்கிறார்கள் என்றால், வீட்டில் அதற்கு ஈடு 135-க்கு 85. இது தெரியாமல் வீட்டு எண் 138 வந்ததும் 'நார்மல்' என்று நாங்கள் ஆறுதல்பட்ட நாட்கள் உண்டு.

இங்கே வீட்டு நோட்டுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நாள்பட்ட நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்காமல், பக்கத்து மருந்துக்கடையிலோ வேறு மையத்திலோ மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிக்கொள்ளும் அரசுத் திட்டம் 2014 முதல் நடக்கிறது. பெரிய உதவி. மறுக்கவில்லை. ஆனால் அதில் சேர்ந்த பிறகு டாக்டர் அம்மாவைப் பார்ப்பது ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான். அந்த ஆறு மாதமும் என்ன நடந்தது என்று சொல்ல நோட்டை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

அந்த நோட்டுதான் படியில் விழுந்ததற்கும் காரணம் சொன்னது. உட்கார்ந்து அளந்த பிறகு எழுந்து நின்று, ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளந்துவரச் சொன்னார் டாக்டர். மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ இறங்கினால் அது கவனிக்க வேண்டிய விஷயமாம். அம்மாவுக்கு உட்கார்ந்தபோது 138, நின்றபோது 112. காலையில் எழுந்ததும் தலை சுற்றுகிறது என்று நோட்டில் தமிழில் எழுதியும் வைத்திருந்தார். டாக்டர் நீர் மாத்திரையின் அளவை மாற்றினார். நாங்கள் விழுந்தால் தகவல் சொல்லும் கருவியைத் தேடிக்கொண்டிருந்தோம். விழாமல் இருக்க வழி சொன்னது இருப்பதிலேயே விலை குறைந்த மிஷின்.

செயலியில் தானாகப் பதிவாகும் மிஷினும் உண்டு, அண்ணன் அதைத்தான் கேட்டார். எனக்கு நோட்டே மேல். 'நேற்று ஆடிக்கூழ், ஊறுகாய் அதிகம்', 'இரவு தூக்கமில்லை' என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே காரணம் எழுத அதில் இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அம்மாவே குழுவில் போடுகிறார். மூன்று பேருக்கும் அது போதும்.

சுகர் விஷயத்தில் தங்கை சொன்னதில் பாதி சரி. விரலைக் குத்தி ஸ்ட்ரிப்பில் பார்ப்பது அந்த ஒரு நொடியின் எண். மேல்கையின் பின்புறம் ஒட்டும் சென்சார் இரவும் பகலும் பார்த்துக்கொண்டே இருக்கும். நாங்கள் வாங்கிய வகை 14 நாள் உழைக்கும். அது இரத்தத்தை நேரடியாக அளப்பதில்லை, தோலுக்கடியில் செல்களைச் சுற்றியுள்ள திரவத்தைத்தான் அளக்கிறது. அதனால் சுகர் வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடம் பின்தங்கும். உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் விரலைக் குத்திப் பார்த்துவிட வேண்டும். ஆகவே ஸ்ட்ரிப்பை மொத்தமாகத் தூக்கிப்போட முடியாது.

சுகரைச் சொல்லும் அலகையும் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து வரும் காணொளிகளில் 110, 180 என்று சொல்வார்கள். நம் மிஷினில் 6.1, 10 என்று வரும். இங்குள்ள எண்ணை 18-ஆல் பெருக்கினால் அங்குள்ள எண். அம்மா இதைக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்.

புரட்டாசியில் முதல் சென்சாரை ஒட்டினோம். விரத மாதம், சனிக்கிழமை இரவுகளில் அம்மா பழமும் பாலும்தான். அந்த இரவுகளில் விடியற்காலை மூன்று மணிக்கு 3.2 வரை இறங்கியது கோட்டில் தெளிவாகத் தெரிந்தது. நனைந்த நைட்டியோடு எழுந்திருப்பதை அதுவரை வெயில் புழுக்கம் என்றே நினைத்திருக்கிறார். காலையில் விரலைக் குத்தினால் 7-க்கு மேல் காட்டும், யாருக்கும் சந்தேகம் வராது. அம்மா இரவில் போடும் கிளிமிபிரைடு, சாப்பாடு குறைந்த நாளிலும் இன்சுலினைச் சுரக்கச் செய்யும் வகை மாத்திரை. டாக்டர் அதைக் குறைத்தார். (நாங்களாக மாற்றவில்லை. யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள்.) வயதானவர்களுக்குச் சுகர் கொஞ்சம் கூடியிருப்பதை விட இரவில் இறங்குவதுதான் உடனடி ஆபத்து என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. வயதாகி உடல் தளர்ந்தவர்களுக்கு 3.9-க்கும் 10-க்கும் நடுவில் பாதி நேரத்துக்கு மேல் இருந்தால் போதும், 3.9-க்குக் கீழே ஒரு சதவீத நேரம்கூடப் போகக் கூடாது என்பது சென்சாருக்கு மருத்துவர்கள் வகுத்திருக்கும் இலக்கு. வாலிபர்களுக்கான இலக்கைப் பிடித்துக்கொண்டு பெற்றோரை விரட்ட வேண்டாம்.

சரி, இவ்வளவு நல்லதென்றால் ஏன் எப்போதும் ஒட்டிக்கொள்ளவில்லை? இரண்டாவது சென்சாரின்போது நடந்ததைச் சொல்கிறேன். இரவு 2:40-க்கு அலாரம். அம்மா வீட்டில் போன் ஹாலில் சார்ஜில் கிடக்கிறது, அவருக்குக் கேட்கவில்லை. நான் தூக்கத்தில். பெர்த்தில் அப்போது காலை 8:40, தங்கை பஸ்ஸில் இருந்து பார்த்துவிட்டாள். அம்மாவை அழைத்தாள், எடுக்கவில்லை. என்னை அழைத்தாள், மூன்றாவது முறைதான் எடுத்தேன். நான் ஆன்ட்டியை எழுப்பினேன். அவர் டார்ச்சோடு, சாவியால் கதவைத் திறந்துகொண்டு போனால் அம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார், சென்சார் ஒட்டிய கையின் மேலேயே படுத்து. அந்த இடம் அழுந்தினால் பொய்யாகக் குறைந்த எண் வரும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. விரலில் பார்த்தால் 6.4. எட்டாயிரம் கிலோமீட்டர்வாக்கில் தள்ளி இருப்பவளுக்கு முதலில் தெரிகிறது, பதினைந்து அடி தள்ளி இருப்பவருக்குக் கடைசியில் தெரிகிறது. அன்று தங்கை அழுதாள். அவள் மேல் தவறில்லை, நாங்கள் வரிசையைத் தலைகீழாக வைத்திருந்தோம்.

விலையும் இருக்கிறது. எங்கள் மருந்துக்கடையில் சென்சார் ஒன்று ஆயிரம் ராண்டை ஒட்டி, மாதத்துக்கு இரண்டு வேண்டும். அரசு முதியோர் உதவித்தொகையே 2024 ஏப்ரலில் மாதத்துக்கு 2,180 ராண்ட்தான். மருத்துவக் காப்பீடு இருந்தால் கேட்டுப் பாருங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு மாதிரியும் மாத்திரையில் இருப்பவர்களுக்கு வேறு மாதிரியும் விதி இருக்கலாம். இன்சுலின் போட்டுக்கொண்டு தனியாக இருக்கும் பெரியவராக இருந்தால் நான் வேறு எதைக் குறைத்தாவது சென்சாரை வாங்குவேன். அம்மாவுக்கு அப்படியில்லை.

வாட்ச்சும், ஆபத்தில் அழுத்தி ஆளைக் கூப்பிடும் பட்டனும் ஒரே வேலைக்குப் போட்டியிடுகிறவை என்பதால் சேர்த்தே சொல்கிறேன். ஆப்பிள் வாட்ச்சில் விழுந்தால் கண்டுபிடிக்கும் வசதி 2018-ல் வந்தது. வயதை 55-க்கு மேல் பதிந்தால் அது தானாகவே இயங்கும். பலமாக விழுந்து ஒரு நிமிடம் அசைவில்லை என்றால் அவசர எண்ணை அழைத்து, குறித்துவைத்த உறவினருக்குச் செய்தியும் அனுப்பும். மயங்கி விழுந்தவரால் பட்டனை அழுத்த முடியாது. இந்த ஒரு இடத்தில் வாட்ச்சுக்கு ஈடு எதுவும் இல்லை. இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பதையும் சில வாட்ச்கள் சொல்லும். ஆனால் மாரடைப்பை எந்த வாட்ச்சும் கண்டுபிடிக்காது, அந்த நம்பிக்கையில் யாரும் வாங்கக் கூடாது.

எங்களுக்கு அது ஒத்துவராததற்குக் காரணங்கள் சின்னச் சின்னவை. அம்மா வைத்திருப்பது ஆண்ட்ராய்டு போன், ஆப்பிளுக்கு ஐபோன் வேண்டும். வேறு வாட்ச் வாங்கினோம். குளிக்கப் போகும்போது வளையலோடு அதையும் கழற்றி வைத்துவிடுவார். இரவில் சார்ஜில் போடுவார். ஆக, வழுக்கும் பாத்ரூமிலும், இருட்டில் எழுந்து நடக்கும் நேரத்திலும் வாட்ச் கையில் இல்லை. பயப்பட வேண்டியது அந்த இரண்டு நேரத்துக்குத்தான். ரொட்டி மாவை அடித்துப் பிசையும்போது மட்டும் 'விழுந்துவிட்டீர்களா' என்று கேட்டது. எழுபது வயதில், வாட்ச் கட்டிப் பழகியவராக இருந்தால் என் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும்.

பட்டனைப் பற்றி எங்களுக்கு யோசனை வர நாளானது, ஏனென்றால் அது ஏற்கெனவே வீட்டில் இருந்தது. இந்த ஊரில் பல வீடுகளைப் போல அம்மா வீட்டிலும் திருடர் பயத்துக்காகத் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தோடு இணைத்த அலாரமும் பானிக் பட்டனும் உண்டு. இருபத்துநாலு மணி நேரமும் பக்கத்துத் தெருக்களில் வண்டி சுற்றிக்கொண்டிருக்கிறது. அதையே உடம்புக்கும் பயன்படுத்தலாமா என்று போய்க் கேட்டோம். முடியும் என்றார்கள், கழுத்தில் தொங்கும், தண்ணீர் பட்டாலும் கெடாத பட்டன் ஒன்று கொடுத்தார்கள். சொல்லிவைத்து ஒத்திகை பார்த்தோம். முதல் முறை இருபத்தைந்து நிமிடம் ஆனது. புதுப் பட்டனின் சிக்னல் அவர்கள் திரையில் 'திருட்டு' என்றே விழுந்திருக்கிறது, வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பப் போனார்கள். ஒத்திகை பார்க்காமல் விட்டிருந்தால்? நினைக்கவே பயமாக இருந்தது. பிறகு அதை 'மருத்துவம்' என்று தனியாகப் பதியச் செய்தோம். கேட் சாவி ஆன்ட்டியிடம் இருக்கிறது, அம்மாவுக்கு என்னென்ன நோய், முதலில் யாரை அழைக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தோம். அடுத்த ஒத்திகையில் ஒன்பது நிமிடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்போதும் அழுத்திப் பார்க்கிறோம்.

சிம் போட்ட, கழுத்தில் தொங்கும் அவசரப் பட்டன் வாங்குகிறவர்கள் 4ஜி-யில் ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2ஜி, 3ஜி சேவைகளை நிறுத்துவது அரசின் திட்டத்தில் இருக்கிறது. எந்தக் கருவி இருந்தாலும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எண்கள் பெரிதாக ஒட்டியிருக்கட்டும்: அரசு ஆம்புலன்ஸ் 10177, கைபேசியிலிருந்து 112, தனியாருக்கு 082 911 அல்லது 084 124.

கரண்ட் கதையைச் சொல்லாமல் இந்த ஊரில் எந்தக் கருவியையும் ஒப்பிட முடியாது. 2023-ல் முந்நூறு நாளுக்கு மேல் லோட்ஷெட்டிங், அதாவது முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு. 2024 மார்ச் கடைசியிலிருந்து பெரும்பாலும் ஓய்ந்தாலும், கேபிள் திருட்டாலும் பழுதாலும் தெருவே இருண்டுபோவது நிற்கவில்லை. கரண்ட் போனால் வைஃபை போகும், நேரம் நீண்டால் செல்போன் கோபுரத்தின் பேட்டரியும் இறங்கும். அப்போது சென்சார் அளந்துகொண்டுதான் இருக்கும், பெர்த்துக்குத்தான் எதுவும் போகாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் மாகாணமான க்வாசுலு-நட்டாலில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பல பகுதிகளில் நாட்கணக்கில் தண்ணீரும் கரண்டும் இல்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் மருந்துக்கடைகளே சூறையாடப்பட்டன. அந்த நாட்களிலும் பேட்டரியில் ஓடும் மிஷினும் பேனாவும் நோட்டும் வேலை செய்யும். அலாரப் பெட்டிக்குள் இருக்கும் பேட்டரியும் அடிக்கடி இறங்கி ஏறினால் செத்துப்போகும். எங்களுடையது செத்துத்தான் கிடந்தது, ஒத்திகையில்தான் தெரிந்தது. ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ் ஒன்றும் போட்டோம்.

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் கொரோனா காலத்தில் வாங்கியது, அலமாரியில் இருக்கிறது. நெஞ்சு நோயோ நுரையீரல் நோயோ இல்லாதவருக்குத் தினம் பார்க்கத் தேவையில்லை. ஒன்று மட்டும்: கறுத்த தோலில் அது உண்மையை விடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பதிவுகளை வைத்து 2020-ல் வந்த ஆய்வில், மீட்டர் சரியான எண்ணைக் காட்டியும் உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையரை விடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. மூச்சு வாங்கினால் மீட்டர் 95 காட்டுகிறதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

கேமராவை அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "என் வீட்டுக்குள்ள நான் நைட்டியோட நடக்கிறத நீங்க மூணு ஊர்ல உட்கார்ந்து பார்க்கணுமா?" அதற்கு மேல் நாங்கள் வாயைத் திறக்கவில்லை. இந்நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் கவனம் வேண்டிய வகையில் வைத்திருக்கிறது. ஆனால் சட்டம் கம்பெனிகளைத்தான் கேட்கும், பிள்ளைகளை யார் கேட்பது? சென்சார் கணக்கை என் மின்னஞ்சலில் தொடங்கியிருந்தேன். அம்மா பெயருக்கு மாற்றினேன். யார் பார்க்கலாம் என்பதை இப்போது அவர்தான் சொல்கிறார்.

கடைசியில் அம்மா எடுத்த முடிவு இது. மேல்கை பிரஷர் மிஷினும் நோட்டும் எப்போதும். சுகருக்கு வாரத்தில் சில நாள் ஸ்ட்ரிப். டாக்டரைப் பார்க்கும் முன்பு 14 நாளும், புரட்டாசியில் 14 நாளும் சென்சார், அலாரம் முதலில் ஆன்ட்டிக்கு, பிறகு எனக்கு, கடைசியில் பெர்த்துக்கு. கழுத்தில் பட்டன், குளியலறையிலும். வாட்ச் அண்ணனுக்கே திரும்பிப் போனது. இன்னொன்று அம்மாவும் ஆன்ட்டியும் தங்களுக்குள் பேசிவைத்தது: காலை ஏழு மணிக்குள் சமையலறைத் திரை விலகியிருக்க வேண்டும், இல்லையென்றால் வந்து தட்ட வேண்டும். மறதி வந்தாலோ, இன்னொரு முறை விழுந்தாலோ எல்லாவற்றையும் மறுபடி பேச வேண்டியிருக்கும், அது எங்களுக்குத் தெரியும்.

ஞாயிறு காலை அம்மா ஆன்ட்டிக்கும் பிரஷர் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தினமும் 150-க்கு மேல் காட்டுகிறதே என்று பயந்துபோய் எனக்குப் போன் செய்தார். டேப்பால் அளந்தோம், ஆன்ட்டியின் கை 36 செ.மீ. போன வாரம் பெரிய பட்டை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதில் 134 வந்தது. நோட்டின் பின்பக்கத்திலிருந்து அவருக்குத் தனியாகக் கோடு போட்டு எழுதிவருகிறார் அம்மா.